குறியீட்டுக் கோட்பாட்டில் முனைவர் ஆய்வு: சேலத்திலிருந்து போக வழி உண்டா?

கன்னங்குறிச்சி எழுதியது:

சேலத்தில் எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முடிவுறு களங்கள் (எண்ணிக்கையில் முடிவுள்ள எண் தொகுதிகள்) பாடத்தின் கடைசி வகுப்பில் எங்கள் ஆசிரியர் ரீட்-சாலமன் குறியீட்டை, அதாவது வழியில் கெட்டுப்போன செய்தியை மீட்கும் ஒரு முறையை, நடத்தினார். பாடத்திட்டத்தில் அது கிடையாது; பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டதால் நடத்தினார். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

நானாகத் தேடிப் படிக்கத் தொடங்கியதும் ஒன்று கண்ணில் பட்டது. பிழைதிருத்தக் குறியீடுகளில் ஆய்வு செய்கிறவர்கள் பலர், கூடவே சமவாய்ப்பு அல்காரிதங்களிலும் வேலை செய்கிறார்கள். ஒன்று இயற்கணிதம், மற்றொன்று நிகழ்தகவு. இரண்டும் ஒரே ஆளின் கையில் எப்படி வந்து சேர்ந்தன?

வீட்டில் பி.எட். சேர்ந்துவிட்டு ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வுக்குத் தயாராகச் சொல்கிறார்கள். அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை. வெள்ளி விலை போகிற போக்கில் அவருடைய கவலை எனக்கும் புரிகிறது. ஐந்தாறு ஆண்டு ஆய்வு என்று போனால் முடிவில் சோறு போடுமா, எங்கள் கல்லூரி போன்ற இடத்திலிருந்து நல்ல நிறுவனத்தில் எடுப்பார்களா, அதற்கு இப்போதே என்ன படிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தட்டுவடை செட் எழுதியது:

தங்கச்சி, நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். குறியீட்டுக் கோட்பாடு தெரியாது. சமவாய்ப்பு அல்காரிதம் என்றால் கணினி காசைச் சுண்டிப் பார்த்து விடை சொல்வது என்று கல்லூரியில் புரிந்துகொண்டேன். தேர்வு முடிந்ததும் மறந்துவிட்டேன். பூவா தலையா போட்டு விடை சொல்ல முனைவர் பட்டம் எதற்கு? என் வங்கிக் கணக்கை அப்படி ஒரு நிரலிடம் ஒப்படைக்க மாட்டேன். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறேன். (கொஞ்சம் கிண்டலும் உண்டு.)

நாகலூர் எழுதியது:

உங்கள் வங்கிக் கணக்கு ஏற்கெனவே அப்படித்தான் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. இணையத்தில் செய்தியை மறைத்து அனுப்ப உதவும் ஆர்.எஸ்.ஏ. பூட்டுக்குப் பெரிய பகா எண்கள் இரண்டு வேண்டும். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைச் சமவாய்ப்பாகப் பொறுக்கி எடுத்து, அது பகா எண்தானா என்று மில்லர்-ராபின் சோதனையில் போட்டுப் பார்ப்பார்கள். பகு எண் ஒன்று அந்தச் சோதனையின் ஒரு சுற்றில் தப்பித்துவிட அதிகபட்ச வாய்ப்பு நான்கில் ஒன்று. இருபது சுற்றிலும் தப்பிக்கும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் காசே சுண்டாமல் பகா எண்ணைச் சோதிக்கும் விரைவான வழி உண்டு என்று நிரூபித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்த தேற்றம். ஆனாலும் நடைமுறையில் இன்றும் ஓடுவது பெரும்பாலும் மில்லர்-ராபின்தான், வேகம் கருதி.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு இதைவிட எளியது. இரண்டு பெரிய அணிகளை (எண்களைக் கட்டங்களில் அடுக்கிய அட்டவணைகளை) பெருக்கி 'இதுதான் விடை' என்று ஒருவர் மூன்றாவது அணியை நீட்டுகிறார். சரிதானா என்று பார்க்க நாமும் முழுதாகப் பெருக்க வேண்டுமா? வேண்டாம் என்று 1977-இல் ஃபிரைவால்ட்ஸ் காட்டினார். 0, 1 மட்டுமே கொண்ட ஒரு திசையனை, அதாவது ஒற்றை வரிசை எண்களை, சமவாய்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டாவது அணியால் பெருக்கி, வந்ததை முதல் அணியால் பெருக்குங்கள். தனியே, அவர் கொடுத்த விடை அணியாலும் அதே திசையனைப் பெருக்குங்கள். இரண்டும் வேறாக வந்தால் விடை நிச்சயம் தவறு. விடை தவறாக இருந்தும் இரண்டும் ஒன்றாக வந்துவிடும் வாய்ப்பு பாதிக்கு மேல் போகாது. புதிய திசையன்களோடு இருபது முறை செய்தால் ஏமாறும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே.

இதில் கவனிக்க வேண்டியது, தற்செயல் நம் கையில் இருக்கிறது, கேள்வியில் இல்லை. எதிராளி எவ்வளவு தந்திரமாகத் தவறை ஒளித்து வைத்திருந்தாலும் அந்தப் பாதிக் கணக்கு மாறாது. சராசரி உள்ளீட்டுக்குச் சரியாக வரும் என்று சொல்வது வேறு. எந்த உள்ளீடு வந்தாலும் இந்த அளவுக்கு மேல் பிழை வராது என்று சொல்வது வேறு. இரண்டாவதை நிரூபிக்கத்தான் முனைவர் பட்டம் வரை போகிறார்கள்.

கன்னங்குறிச்சி, உங்கள் முதல் கேள்விக்குப் பிறகு வருகிறேன். இங்கே மலையில் மழை. மின்சாரம் போய்ப் போய் வருகிறது.

பழைய வாத்தியார் எழுதியது:

அம்மா, ரீட்-சாலமன் பிடித்துவிட்டது என்றால் உன் ரசனையில் குறையில்லை. படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

அனுப்ப வேண்டிய செய்தி 3, 2 என்ற இரண்டு எண்கள். இவற்றை வைத்து y = 3 + 2x என்ற கோட்டை எழுது. x = 0 முதல் 5 வரை மதிப்புகளைக் கணக்கிட்டு 3, 5, 7, 9, 11, 13 என்று ஆறு எண்களை அனுப்பு. வழியில் இரண்டு கெட்டு 3, 5, 8, 9, 1, 13 என்று போய்ச் சேருகிறது. வாங்கியவருக்கு எது கெட்டது என்று தெரியாது. ஆனால் ஆறு புள்ளிகளில் நான்கு ஒரே கோட்டில் நிற்கின்றன. வேறு எந்தக் கோட்டை இழுத்தாலும் அது நல்ல புள்ளிகளில் ஒன்றைத்தான் தொட முடியும். கெட்டவை இரண்டையும் சேர்த்தாலும் மூன்றைத் தாண்டாது. ஆகவே பழைய கோடு ஒன்றுதான் விடை. கோட்டுக்குப் பதில் உயர்படிப் பல்லுறுப்புக் கோவை, சாதாரண எண்களுக்குப் பதில் முடிவுறு களம் என்று மாற்றிவிட்டால் 1960-இல் ரீடும் சாலமனும் எழுதியது அதுவே. குறுந்தகட்டில் கீறல் விழுந்தும் பாட்டு ஓடியது இதனால்தான். பெட்டிக்கடையில் ஒட்டிய க்யூஆர் அட்டையில் எண்ணெய்க் கறை பட்டும் பணம் போகிறதே, அதுவும் இதனால்தான்.

அதே காலத்தில் பிறந்த பி.சி.எச். குறியீடுகளில் நம்மவர் இருவருக்குப் பங்குண்டு: ஆர்.சி. போஸ், டி.கே. ராய்-சௌத்ரி. போஸ் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா போனவர். எம்.எஸ்சி. மாணவர்களுக்கு இதைச் சொல்லாமலேயே களக் கோட்பாட்டை நடத்தி முடித்துவிடுகிறோம் என்பதில் எனக்கு நாற்பது வயதிலிருந்தே கோபம்.

ஆகவே முதலில் இயற்கணிதம். நிகழ்தகவு, காசு சுண்டுவது எல்லாம் அப்புறம்.

ஓமலூரான் எழுதியது:

ஐயா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பெங்களூருவில் அலைபேசிச் சில்லுக்கான பிழைதிருத்தப் பகுதியில் வேலை செய்கிறேன். எங்கள் மேசையில் பல்லுறுப்புக் கோவையைவிடப் படங்கள்தான் அதிகம்: புள்ளியும் கோடுமாக, மிகக் குறைவான இணைப்புகள் கொண்ட வரைபடங்கள். எல்.டி.பி.சி. என்ற இந்தக் குறியீடுகளை ராபர்ட் கேலகர் 1960-களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். அன்றைய கணினிகளால் தாங்க முடியவில்லை. முப்பது ஆண்டுகள் பெரும்பாலோர் மறந்தே போனார்கள். 1993-இல் டர்போ குறியீடுகள் வந்து, இரைச்சலான வழியில் பிழையின்றி அனுப்பக்கூடிய உச்ச வேகம் என்று கிளாட் ஷானன் வகுத்த எல்லைக்குப் பக்கத்தில் போன பிறகுதான் கேலகரைத் தூசி தட்டி எடுத்தார்கள். இன்று 5ஜியில் தரவுக்கு எல்.டி.பி.சி., கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு போலார் குறியீடு. போலாரை 2009-இல் கொடுத்தவர் துருக்கியின் எர்தால் அரிக்கான்.

ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அழைப்பு அறுந்து போவதை எல்லோரும் திட்டுவார்கள். அறுந்து போகாமல் தாங்கிய வளைவுகளை யாரும் எண்ணுவதில்லை. சிக்னல் இறங்கினால் கோபுரம் உபரி இலக்கங்களை அதிகமாக்குகிறது. அப்படியும் அலைபேசியால் படிக்க முடியவில்லை என்றால் முழுச் செய்தியையும் மறுபடி அனுப்பாமல், முன்பு அனுப்பாத உபரி இலக்கங்களை மட்டும் அனுப்புகிறது. பழையதையும் புதியதையும் சேர்த்துப் படிக்கிறோம்.

தங்கைக்கு என் ஆலோசனை: கேட் என்ற தேசிய நுழைவுத் தேர்வில் நுழைய முடிகிற எம்.டெக். படிப்பில் சேர்ந்துவிட்டு இந்தப் பக்கம் வந்துவிடுங்கள். நல்ல சம்பளம். தேற்றம் எழுதியவர்கள் முப்பது ஆண்டு காத்திருக்கலாம். வீட்டுக் கடன் காத்திருக்காது.

பழைய வாத்தியார் எழுதியது:

தம்பி ஓமலூரான், அலைபேசிக்கு உங்கள் வரைபடம் வென்றது, சரி. தரவு மையத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கோப்பையும் மூன்று பிரதியாக வைத்திருந்த காலம் போய், பத்துத் துண்டுக்கு நான்கு உபரித் துண்டு என்று ஃபேஸ்புக் வைத்துக்கொண்டது ரீட்-சாலமனை நம்பித்தான். எந்த நான்கு வட்டு போனாலும் மீட்கலாம். இடச் செலவு மூன்று மடங்கிலிருந்து 1.4 மடங்காக இறங்கியது. இயற்கணிதம் செத்துவிட்டது என்று எந்தத் தலைமுறையும் சொல்லித்தான் பார்க்கிறது.

ஓமலூரான் எழுதியது:

செத்துவிட்டது என்று நான் சொல்லவில்லையே, ஐயா. அப்படியே தரவு மையத்துக் கதையின் அடுத்த பக்கத்தையும் சொல்லுங்கள். ஒரே ஒரு வட்டு போனால்கூட அதை மீட்கப் பத்து வட்டுகளைப் படிக்க வேண்டியிருந்தது. பிணையம் திணறியது. அதனால்தான் மைக்ரோசாஃப்ட் 2012-இல் தன் மேகக் கணினிச் சேவையான அஸூருக்கு, பக்கத்தில் உள்ள சில துண்டுகளை மட்டும் வைத்து மீட்கும் வேறு குறியீட்டுக்குப் போனது.

நாகலூர் எழுதியது:

இருவரும் சண்டை போடுங்கள், நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் கேட்டது இரண்டும் ஏன் ஒரே கையில் என்பது. விடை ஷானனிடம் தொடங்குகிறது.

1948-இல் அவர் நிரூபித்தது இது: இரைச்சல் உள்ள எந்த வழியிலும் ஒரு குறிப்பிட்ட வேகம் வரை பிழை ஏறக்குறைய இல்லாமல் அனுப்பலாம். எந்தக் குறியீட்டால்? அதைத்தான் அவர் சொல்லவில்லை. குறியீட்டைச் சமவாய்ப்பாகத் தேர்ந்தெடுத்தால் சராசரியில் பிழை மிகக் குறைவு, ஆகவே நல்ல குறியீடு ஒன்றாவது இருந்தே தீர வேண்டும் என்றார். ஒன்றல்ல, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் கையில் வருவது பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும். 1950-களில் கில்பர்ட்டும் வார்ஷமோவும் குறியீட்டுச் சொற்களுக்கு இடையே உள்ள தூரத்துக்கு (இரண்டு சொற்கள் எத்தனை இடங்களில் வேறுபடுகின்றன என்ற எண்ணிக்கைக்கு) இதே போன்ற எல்லையைக் காட்டினார்கள்.

இனிதான் வேடிக்கை. சமவாய்ப்பாக எடுத்த குறியீடு நல்லது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் குறிப்பிட்ட ஒன்றைக் காட்டி 'இது நல்லதா?' என்று கேட்டால் சோதித்துச் சொல்ல முடியாது. ஒரு நேரியல் குறியீட்டின் மிகச்சிறு தூரத்தைக் கணக்கிடுவது என்.பி. கடினம் (விரைவான வழி யாருக்கும் தெரியாத கணக்கு வகை) என்று 1997-இல் அலெக்சாண்டர் வார்டி நிரூபித்தார். சுற்றிலும் காபிச் செடியாகவே நிற்கும் தோட்டத்தில் ஒரு காபிச் செடியைச் சுட்டிக்காட்டு என்றால் திணறுகிற நிலை எங்களுடையது. காசு சுண்டாமல், சூத்திரமாக எழுதிக் காட்டக்கூடிய குறியீட்டைத் தேடி அறுபது ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. ஒரு முக்கியமான வகைக்கு, ஏறக்குறைய அந்த எல்லையைத் தொடும் வெளிப்படையான கட்டுமானத்தை 2017-இல் அம்னோன் டா-ஷ்மா கொடுத்தார். அவர் கையாண்ட கருவி எது தெரியுமா? சமவாய்ப்பு நடை, அதாவது ஒவ்வோர் அடியையும் தற்செயலாக எடுத்து வைப்பது. தற்செயலை ஒழிக்கப் போனவரே தற்செயலின் கணிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது.

எதிர்த்திசையிலும் வழி உண்டு. வாத்தியார் ஐயா போட்ட கணக்கில் மூன்று எண் கெட்டுவிட்டால் என்ன ஆகும்? சரியான கோட்டில் மூன்று புள்ளிதான் மிஞ்சும். தவறான கோடு ஒன்று நான்கைக்கூடத் தொடலாம். ஒரே விடை என்ற பேச்சு முடிந்தது. அப்போது மூன்று புள்ளிகளையாவது தொடுகிற எல்லாக் கோடுகளையும் பட்டியலாகக் கொடு என்று கேட்கலாம். பட்டியல் முறைக் குறிநீக்கம் (குறிநீக்கம் என்றால் வந்து சேர்ந்ததிலிருந்து செய்தியை மீட்பது) என்ற இந்த எண்ணம் 1950-களிலேயே எலையஸ், வோசன்கிராஃப்ட் இருவருக்கும் இருந்தது. ஆனால் ரீட்-சாலமனுக்கு அதை விரைவாகச் செய்யும் அல்காரிதம் 1990-களில்தான் கிடைத்தது. கொடுத்தவர் சென்னையில் பிறந்த மது சூதன். கணினி அறிவியலின் கணிதப் பக்கத்துக்குக் கொடுக்கப்படும் நெவன்லின்னா பரிசை 2002-இல் பெற்றார். ஐஐடி மெட்ராஸில் படித்துவிட்டு எம்.ஐ.டி.க்குப் போன வெங்கடேசன் குருசாமியும் அவரும் சேர்ந்து 1999-இல் அதை இன்னும் கூர்மையாக்கினார்கள். சூதன் குறியீட்டுக்குள் வந்ததே நிரூபணங்களைச் சமவாய்ப்பாகச் சில இடங்களில் மட்டும் தொட்டுச் சோதிக்கும் ஆராய்ச்சி வழியாக. ஒரு நிரூபணத்தைக் குறியீடாக மாற்றி எழுதிவிட்டால், அதில் எங்கே தவறு இருந்தாலும் அது எல்லா இடத்திலும் பரவித் தெரியும்; சில எழுத்துகளைப் படித்தாலே பிடித்துவிடலாம்.

ஆகவே வாத்தியார் ஐயா மன்னிக்க வேண்டும்: நிகழ்தகவை 'அப்புறம்' என்று தள்ளி வைக்காதீர்கள். இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

மேச்சேரி எழுதியது:

நாகலூர் அம்மணி, நீங்கள் எழுதுவது பாதிதான் புரிகிறது, ஆனாலும் படிக்க நன்றாக இருக்கிறது. என் மகனும் இதே போல ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். வருமானம் என்ன, எத்தனை வருடம், முடித்த பிறகு எங்கே வேலை என்பதைக் கொஞ்சம் உடைத்துச் சொல்லுங்கள்.

நாகலூர் எழுதியது:

உடைத்தே சொல்கிறேன்.

மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப்படி தனி. பிரதமர் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் தொடக்கமே 70,000. ஒரு ஆளுக்குப் போதும். வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலை இருந்தால் இறுக்கம். பணம் சரியான தேதிக்கு வரும் என்றும் எண்ண வேண்டாம். நான் ஆய்வு செய்த இடத்தில் (பெயர் வேண்டாம்) மாதக் கணக்கில் நிறுத்தி வைத்து மொத்தமாகப் போட்ட காலம் உண்டு. கையில் கொஞ்சம் இருப்பு இல்லாமல் போகாதீர்கள்.

முனைவர் பட்டம் ஐந்தாறு ஆண்டு. அதன் பிறகு உடனே ஆசிரியர் வேலை கிடைப்பவர்கள் குறைவு. வெளிநாட்டிலோ உள்நாட்டிலோ ஓரிரண்டு இடத்தில் முனைவர் பட்டப் பின்னாய்வு. ஒவ்வொன்றும் ஓரிரண்டு ஆண்டு. பெட்டியைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் பெண்கள் அதிகமாக விலகுகிறார்கள்; திறமைக் குறைவால் அல்ல, வீட்டில் 'இன்னும் எத்தனை நாள்' என்ற கேள்வி ஆண்களைவிட அவர்களிடம் முன்னதாகவே வந்துவிடுவதால். அப்பாவிடம் இதை இப்போதே பேசிவிடுங்கள், கன்னங்குறிச்சி. பின்னாய்வு முடிகிற வயதை அவரிடம் மறைக்காதீர்கள்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு சிக்கல். கோட்பாட்டுக் கணினி அறிவியலில் எங்களுக்கு மாநாட்டுக் கட்டுரைதான் பெரிது. ஸ்டாக், ஃபாக்ஸ், சோடா போன்ற மாநாடுகளில் ஏற்கப்படுவதும், நம் நாட்டில் 1981 முதல் நடந்துவரும் எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ். மாநாட்டில் வருவதும்தான் பெயர் வாங்கித் தரும். பல பல்கலைக்கழக நேர்காணல்களில் இதைச் சொன்னால் 'ஆய்விதழ் எங்கே?' என்பார்கள். பெயர்களை அகர வரிசையில் போடுவது எங்கள் வழக்கம். 'நீங்கள் ஏன் முதல் ஆசிரியர் இல்லை?' என்பார்கள். ஆகவே மாநாட்டுக் கட்டுரையை வளர்த்து ஆய்விதழுக்கு அனுப்பும் பழக்கத்தை முதல் கட்டுரையிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். ஓமலூரான் இருக்கும் மின்பொறியியல் பக்கம் ஆய்விதழுக்கே மதிப்பு அதிகம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களுக்கு அது ஒரு வசதி.

மற்றபடி, எங்கே சேர்கிறீர்கள் என்பதைவிட யாரிடம் சேர்கிறீர்கள் என்பது முக்கியம். நெறியாளரின் பழைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். முடிந்தால் அவர்களில் ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

தட்டுவடை செட் எழுதியது:

என் வங்கிக் கேள்வியை நான் மரியாதையாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை, ஆனால் இனி கேட்கவும் மாட்டேன். ஃபிரைவால்ட்ஸ் சோதனையை நேற்று எழுதி ஓட்டிப் பார்த்தேன். விடை அணியில் ஒரே ஒரு எண்ணை மாற்றி வைத்தேன். ஏறக்குறைய பாதி முறை தப்பித்தது. இருபது முறைத் தொகுப்பாக ஓட்டியபோது ஒரு தடவையும் தப்பிக்கவில்லை. எரிச்சலாக இருக்கிறது.

ஓமலூரான் எழுதியது:

படிப்பதற்கு: ஐஐடி மெட்ராஸின் ஆண்ட்ரூ தங்கராஜ் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் நடத்திய 5ஜி குறியீட்டுப் பாடம் இருக்கிறது. எம்.டெக். வரச் சொன்னதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஆய்வுக்குத்தான் போவேன் என்றால் அதைப் பார்த்துவிட்டு ஒரு குறிநீக்கியை உங்கள் கையால் எழுதி ஓட்டுங்கள். நேர்காணலில் அதைப் பற்றிப் பேசுகிற கணித மாணவர்கள் அரிது.

பழைய வாத்தியார் எழுதியது:

நுழைவுக்கு: தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கு ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வு எழுதலாம்; அதில் கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்குத் தனித்தாள் உண்டு. சிறுசேரி சென்னைக் கணிதக் கழகமும், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் தாங்களே தேர்வு வைக்கிறார்கள். ஐஐடிகளுக்கு கேட். நேர்காணலில் உன் கல்லூரிப் பெயரைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு நீ தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நேரியல் இயற்கணிதத்தில் எந்தத் தேற்றத்தைக் கேட்டாலும் புத்தகம் பார்க்காமல் நிறுவத் தெரிய வேண்டும். தேர்வு நடக்கும் தேதியை மட்டும் கவனித்துக்கொண்டு அறிவிப்பைத் தவறவிடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பு வரும் மாதத்தைக் குறித்து வை.

கன்னங்குறிச்சி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் அக்கா சொன்னபடியே ஆண்டுக் கணக்கோடு பேசினேன். இந்த ஆண்டு ஜெஸ்ட், கேட் இரண்டும் எழுதலாம், கிடைக்காவிட்டால் பி.எட். என்று முடிவு.

நாகலூர் அக்கா விட்டுச்சென்ற கணக்கு மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு புள்ளிகள், எல்லா x மதிப்புகளும் வேறு வேறு. மூன்று புள்ளிகளையாவது தொடுகிற கோடுகள் எத்தனை இருக்க முடியும்? ஆறு புள்ளிகளில் 15 ஜோடிகள். ஒவ்வொரு கோடும் குறைந்தது மூன்று ஜோடிகளை எடுத்துக்கொள்கிறது. இரண்டு கோடுகளுக்கு ஒரே ஜோடி பொதுவாக வராது, வந்தால் இரண்டும் ஒரே கோடு. ஆகவே பட்டியலில் ஐந்துக்கு மேல் இருக்காது. சரிதானா?

பழைய வாத்தியார் எழுதியது:

சரி. ஆனால் இன்னும் இறுக்கலாம். ஒரு புள்ளியில் நின்று பார். அதன் வழியாகப் போகும் ஒவ்வொரு கோடும் மீதி ஐந்து புள்ளிகளில் இரண்டையாவது தனக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆக ஒரு புள்ளி வழியாக இரண்டு கோடுகளுக்கு மேல் போகாது. ஆறு புள்ளிக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. ஒவ்வொரு கோடும் குறைந்தது மூன்று முறை எண்ணப்படுகிறது. நான்குக்கு மேல் இல்லை.

நாகலூர் எழுதியது:

நான்கு உண்மையிலேயே கிடைக்கிறது, ஐயா. எந்த இரண்டும் இணையாக இல்லாமல், எந்த மூன்றும் ஒரே புள்ளியில் சேராமல் நான்கு கோடுகளை வரைந்தால் வெட்டுப் புள்ளிகள் ஆறு. ஒவ்வொரு கோட்டிலும் மூன்று. x மதிப்புகள் மோதாதபடி கொஞ்சம் சாய்த்துக்கொண்டால் போதும்.

கன்னங்குறிச்சி, இதையே n புள்ளிகள், t-யையாவது தொடுகிற கோடுகள் என்று பொதுவாக எழுதிப் பாருங்கள். t எவ்வளவுக்குக் கீழே போனால் இந்த எண்ணும் முறை பயனற்றுப் போகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு வர்க்கமூலம் வரும். வந்ததும் இங்கேயே போடுங்கள்.